மறு: ‘நிதியுதவி அறிவிப்பு’ போதாது, ‘ஆதாயத் தொடர்பு’ என்று வைப்போம்

வணக்கம் ஐயா,

நம் மருத்துவக் கையேட்டில், ஆய்வாளர் தமக்குப் பணம் தரும் நிறுவனங்களைத் தெரிவிப்பதற்கும் (conflict of interest disclosure), அது விடுபட்டால் இதழ் பின்னர் போடும் திருத்தத்துக்கும் என்ன சொல் வைப்பது என்பது பற்றி நீங்கள் எழுதியது:

> ‘நிதியுதவி அறிவிப்பு’, ‘நிதியுதவிப் பிழைதிருத்தம்’ என்றே வைக்கலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். 2006 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஜாமா’ (JAMA) இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். மனச்சோர்வு வந்து, மருந்தால் தேறியிருந்த 201 கர்ப்பிணிகளைக் கவனித்துவந்தார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் நிறுத்தியவர்களில் 68 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. கட்டுரையை எழுதிய 13 பேரில் பெரும்பாலோர் மனச்சோர்வு மருந்து நிறுவனங்களிடம் ஆலோசனைக்கும் சொற்பொழிவுக்கும் பணம் பெற்றவர்கள் என்பதை ஜூலையில் ஒரு நாளிதழ் வெளியிட்டது. இதழும் திருத்தம் போட்டது.

அந்த ஆய்வுக்கு நிதி தந்ததோ அமெரிக்க அரசின் தேசிய மனநல நிறுவனம்! நிதியுதவி பற்றிய வரியில் குறையே இல்லை. ஆய்வாளர்களின் சொந்த வருமானம்தான் சொல்லப்படவில்லை. உங்கள் சொல்லை வைத்துக்கொண்டு இந்தச் செய்தியை எப்படி எழுதுவது?

‘conflict of interest’ என்பதற்கு வழங்கும் ‘நலமுரண்’ பொதுக் கட்டுரைக்கு நல்ல சொல். மருத்துவக் கையேட்டில் ‘நலம்’ என்றால் உடல்நலம்தான் நினைவுக்கு வரும். உடல்நலத்துக்குக் கேடானது என்று படித்துவிடுவார்கள்.

ஆகவே ‘ஆதாயத் தொடர்பு’. ‘ஆதாயம் தரும் பதவி’ என்று நாளிதழ்களில் படித்துப் பழகிய சொல்தான். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் ஆதாயத்துக்கு இலாபம் என்றே பொருள் தருகிறது. ‘அரசியல் ஆதாயம்’ என்னும்போது ஒட்டிக்கொள்ளும் பழி இதிலும் கொஞ்சம் ஒட்டும், மறுக்கவில்லை. பணம் வாங்கியவர் எல்லாம் பொய் எழுதியவர் அல்லர். இருந்தாலும் பக்கத்தில் ‘தொடர்பு’ நிற்பதால் அந்தக் கடுமை தணிகிறது என்றே எண்ணுகிறேன்.

அடுத்தது ‘பிழைதிருத்தம்’. பழைய நூல்களின் கடைசிப் பக்கத்தில் விட்டுப்போன ஒற்றுக்கும் மாறிப்போன எண்ணுக்கும் அது பொருந்தும். இங்கே 26, 68 இரண்டும் அப்படியே நிற்கின்றன. கட்டுரை திரும்பப் பெறப்படவும் இல்லை. வாசகர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று விடுபட்டது. ‘விடுபாட்டுத் திருத்தம்’ என்றால் இந்த வேறுபாடு தெரியும்.

எழும்பூரில் மகப்பேற்றுப் பிரிவின் வாசலில், மாத்திரையை நிறுத்தலாமா என்று தவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் படிக்கவே இந்தக் கையேடு. தனக்கு அறிவுரை சொல்லும் ஆய்வை எழுதியவர் யாரிடம் பணம் பெற்றார் என்பது அவளுக்குத் தன் மொழியில் தெளிவாகத் தெரிய வேண்டும். அதனால்தான் இத்தனை பிடிவாதம் பிடிக்கிறேன்.

மெய்ப்பு வெள்ளிக்கிழமை திருவல்லிக்கேணி அச்சகத்துக்குப் போகிறது. ‘விடுபாடு’ என்பதைவிட நல்ல சொல் தோன்றினால் அதற்குள் எழுதுங்கள், ஐயா.