வேலூர்க் கோட்டையில் ஒரு க்: ஃபோர்க் ஆன திட்டங்களோடு நமக்கு நேர்ந்தவை

காட்பாடி உறுப்பினர்:

'வேலூர்க் கோட்டை' என்று எழுதும்போது இடையில் ஒற்று மிக வேண்டும் என்பதைச் சுட்டிக்காட்டும் சந்திப்பிழைத் திருத்தி ஒன்றுக்கு நான் சில ஆண்டுகளாக நிரல் எழுதிவருகிறேன். எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் பெரும்பாலும் அந்த க் இருக்காது என்பது வேறு விஷயம். கருத்து வேறுபாட்டால் அத்திட்டம் இரண்டாகப் பிரிந்தபோது (இப்படி ஒரு நிரலை எடுத்துத் தனித் திட்டமாகத் தொடர்வதைத்தான் ஃபோர்க் என்பார்கள்), பிரிந்து வந்தவர்களில் நானும் ஒருவன். மூலத் திட்டம், மாற்றிய நிரலைத் திறந்து தர வேண்டும் என்று வற்புறுத்தாத அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருந்தது. நிரலை எடுத்து மேம்படுத்துபவர்கள் அந்த மேம்பாட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று கருதிய நாங்கள், புதிதாக எழுதிய கோப்புகளை, மாற்றி வெளியிடுவோர் அந்த மாற்றங்களையும் திறந்து தரக் கோரும் எல்ஜிபிஎல் 3 உரிமத்தில் வெளியிட்டோம். அந்த முடிவைத் தவறென்று இன்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதன் விளைவு ஒருதலையாக இருந்தது. மூலத் திட்டத்தார் செய்த திருத்தங்களை, பதிப்புரிமைக் குறிப்புகளை நீக்காமல், மாற்றிய கோப்புகளில் மாற்றியதைக் குறிப்பிட்டு, நாங்கள் எடுத்துக்கொள்ள முடிந்தது. எங்களுடையதை அவர்கள் அப்பாச்சி உரிமத்தின்கீழ் வெளியிட வழியில்லை. இராணிப்பேட்டையில் இருக்கும் பழைய பராமரிப்பாளர் ஒருநாள் தொலைபேசியில், "தம்பி, எங்கள் கிணற்றில் நீங்கள் இறைக்கிறீர்கள், உங்கள் கிணற்றில் நாங்கள் வாளி விடக் கூடாதா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

லிப்ரே ஆபிஸ் என்னும் அலுவலக மென்பொருள் 2010 செப்டம்பரில் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்ததையும், மறு ஆண்டு ஆரக்கிள் நிறுவனம் தன்னிடம் இருந்த ஓப்பன் ஆபிஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்ததையும் அப்போதுதான் கவனமாகப் படித்தேன். ஐபிஎம் அளித்த நிரலிலிருந்து உருவான பக்கப்பட்டை, 2013 ஜூலை 23 அன்று ஓப்பன் ஆபிஸ் 4.0 பதிப்பில் வந்தது. இரண்டே நாள் கழித்து வெளியான லிப்ரே ஆபிஸ் 4.1 பதிப்பிலும் அது சோதனை வசதியாக இருந்தது. எதிர்த்திசையில், லிப்ரே ஆபிஸின் நிரலை ஓப்பன் ஆபிஸ் அவ்வாறு எடுத்துக்கொள்ள உரிமம் இடம் தரவில்லை.

எங்களுக்குக் கிடைத்த வழி எளியது, ஆனால் பொறுமையைச் சோதித்தது. தான் எழுதிய வரிகளுக்கு உரிமையாளர் தானே என்பதால், எழுதியவரே அவற்றை இன்னொரு உரிமத்திலும் தரலாம். ஆகவே ஒற்றுமிகும் விதிகள் அடங்கிய கோப்பை அப்பாச்சி உரிமத்திலும் தர முனைந்தேன். யார் எந்த வரியை எழுதினார் என்று காட்டும் கமிட் வரலாற்றைப் பார்த்தபோது, ஏறத்தாழ 600 வரிகளில் 40 வரிகள் ஒரு கல்லூரி மாணவர் எழுதியவை எனத் தெரிந்தது; அவருடைய மின்னஞ்சலோ செயல்படவில்லை. 'சிறிய பகுதிதானே, சேர்த்துவிடலாம்' என்றார்கள் சிலர். நான் இசையவில்லை. அந்த வரிகளை நீக்கிவிட்டு, அவற்றைப் பார்த்தேயிராத ஒருவரைக் கொண்டு, இலக்கண நூலின் விதியை மட்டும் அடிப்படையாக வைத்துப் புதிதாக எழுதச் செய்தோம்.

குடியாத்தம் உறுப்பினர்:

ஐயா, என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. திருமண வீடியோ தொழிலில் இருக்கும் நான், டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில், வீடியோக்களை மாற்றியமைக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் கட்டளையை இயக்கியபோது, அது கைவிடப்பட்டது என்ற செய்தி வந்து திகைத்தேன். 2011-இல் எஃப்எஃப்எம்பெக்கிலிருந்து பிரிந்த லிப்ஏவி குழுவின் பதிப்பைத்தான் டெபியன் அப்போது வழங்கியது என்பது பிறகே புரிந்தது. இரண்டுக்கும் அடிப்படை உரிமம் ஒன்றே. எந்தத் திசையிலும் தடையில்லை. இருந்தும் எஃப்எஃப்எம்பெக் குழுவினர் லிப்ஏவி மாற்றங்களைத் தொடர்ந்து இணைத்துக்கொண்டார்கள். மறுபக்கம் அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. 2015-இல் டெபியன் எஃப்எஃப்எம்பெக்குக்கே திரும்பியது. உரிமம் திறந்துவிட்ட கதவைக்கூட மனிதர்கள் சாத்தி வைக்கலாம் போலும். அது இருக்கட்டும், அந்த மாணவர் பிறகு கிடைத்தாரா?

காட்பாடி உறுப்பினர்:

கிடைத்தார். ஆறு மாதம் கழித்து வேறு முகவரியிலிருந்து, "தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா" என்று ஒரே வரியில் எழுதினார். அதற்குள் புதிய வரிகள் இராணிப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.