சுகர் உள்ள உம்மா நோன்பை விட மாட்டேங்குறாங்க, என்ன செய்ய?

காயல்மகள்:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்க ஊர் காயல்பட்டினம், மார்க்கச் சட்டத்துல நாங்க சாஃபி மத்ஹப் வழி. உம்மாவுக்கு 68 வயசு, ரொம்ப வருஷமா சுகர், இப்போ ரெண்டு வேளை இன்சுலின். போன ரமலான்ல ஒரு நாள் அஸர் நேரத்துல, சாயங்காலம், வேர்த்து ஊத்தி, நாக்குக் குழறி, சீனித்தண்ணி கொடுத்துத்தான் மீட்டோம். இனிமே நோன்பே கூடாதுன்னுட்டார் டாக்டர். பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட கேட்டோம், ஃபித்யா, அதாவது விட்ட நோன்புக்கு ஈடா ஏழைக்குத் தானியம், கொடுங்கன்னார். உம்மா மசியலை. "வயசுக்கு வந்த நாள்லேர்ந்து பிடிச்ச நோன்பு, இப்ப அரிசியக் கொடுத்து ஈடு கட்டவா? ஊரே பசிச்சிருக்கையில நான் மட்டும் அடுப்படியில உக்காந்து திங்கவா?"ன்னு அழுறாங்க. சட்டமெல்லாம் அவங்களுக்கு நல்லாவே தெரியும், மனசுதான் ஒப்பலை. எப்படிச் சொன்னா கேப்பாங்க? ஃபித்யா எவ்வளவு, எப்போ கொடுக்கணும்னும் சொல்லுங்க.

மருந்துக்கடை பாய்:
வ அலைக்கும் ஸலாம். இன்சுலின் போடுறவங்க, அதுலயும் ஏற்கெனவே நோன்புல சுகர் இறங்கினவங்க. டாக்டர் சொன்னதுக்கு மேல பேச்சே இல்லை. வாசிக்கிற மத்தவங்களுக்கு ஒண்ணு: விரல்ல குத்தி சுகர் பாத்தா நோன்பு முறியாது. அதுக்குப் பயந்தே பாக்காம விடுறவங்க எங்க கடைக்கு வர்றவங்கள்ல நிறைய. 70-க்குக் கீழ இறங்கினாலும் 300-க்கு மேல ஏறினாலும் அப்பவே நோன்பை விட்டுடணும். நோன்பு திறக்கிற மஃரிபுக்குப் பத்து நிமிஷம்தான் இருக்குன்னு பல்லைக் கடிச்சிட்டு உக்காரக் கூடாது.

கீழக்கரை ராத்தா:
தங்கச்சி, நானும் நோன்பு பிடிக்க முடியாதவதான். கிட்னி போய் டயாலிசிஸ்ல இருக்கேன். முன்ன தெருப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துக்கிட்டிருந்தேன், அந்த உரிமையில எழுதுறேன். இதை உம்மாகிட்ட அப்படியே வாசிச்சுக் காட்டுங்க.

மாமி, நோன்பை விடுறது நமக்கு என்ன புதுசா? மாதவிலக்கு இருந்த காலமெல்லாம் ஒவ்வொரு ரமலான்லயும் சில நாள் தொழுகையும் இல்லாம நோன்பும் இல்லாமத்தானே இருந்தோம்? அப்ப அழுதோமா? அந்த நாள்ல பிடிச்சா அது நோன்பே ஆகாது, பாவம்னு தெரியும். விட்டோம், விட்டதைப் பெருநாள் கழிச்சு களாவாப் பிடிச்சு ஈடு செஞ்சோம். அன்னிக்கு விடச் சொன்ன அதே ரப்புதான் இன்னிக்கும் சொல்றான். அப்ப மட்டும் கேட்டுக்கிட்டு இப்ப எதிர்த்து நிக்கலாமா?

பயான்ல எல்லாரும் குர்ஆன்ல அல்பகரா சூராவோட 183-ஆவது ஆயத்தைத்தான் (வசனம்) ஓதுவாங்க, நோன்பு கடமை, நீங்க தக்வா (இறையச்சம்) உள்ளவங்க ஆகணும்னு. அடுத்த ஆயத்துலயே நோயாளியும் பிரயாணியும் வந்துடுறாங்க, ஃபித்யாவும் அங்கதான் வருது. 185-ல, குர்ஆன் இறங்கின மாசம்னு ரமலானைச் சொல்ற அதே இடத்துல, அல்லாஹ் உங்களுக்கு இலேசைத்தான் நாடுறான், சிரமத்தை நாடலைன்னும் இருக்கு.

இன்னொண்ணு, இதை என் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன். ஹிஜ்ரி 8, மக்கா வெற்றிக்குப் புறப்பட்டது ரமலான்ல. எல்லாரும் நோன்பு. குராவுல் கமீம்ங்கிற இடத்துல ஜனங்களுக்கு முடியலைன்னு வந்து சொன்னாங்க. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அஸருக்குப் பிறகு ஒரு பாத்திரத்துல தண்ணி வாங்கி, எல்லாரும் பாக்கத் தூக்கிப் பிடிச்சுக் குடிச்சாங்க. அப்புறமும் சிலர் நோன்போடயே இருக்காங்கன்னு கேள்விப்பட்டதும், "அவங்க மாறு செஞ்சவங்க"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. முஸ்லிம்ல வர்ற ஹதீஸ் இது. உசிரைக் கொடுத்து நோன்பு பிடிச்சவங்களுக்குப் பாராட்டு கிடைக்கலை மாமி!

தங்கச்சி, இனி உங்களுக்கு. உம்மாவுக்கு உறுத்துறது பசியில்லாதது மட்டும் இல்லை, கூட்டத்துலேர்ந்து தள்ளி வச்ச மாதிரி ஆயிட்டதுதான். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. சஹருக்கு அவங்களையும் எழுப்புங்க. நோன்பு திறக்கிற பேரீச்சம்பழத்தை அவங்க கையால எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லுங்க. நோன்பாளிக்குத் திறக்கக் கொடுத்தவங்களுக்கு அந்த நோன்பாளியோட கூலி, அவர் கூலியில எதுவும் குறையாம கிடைக்கும்னு திர்மிதியில இருக்கு. மதியம் "நீங்க சாப்பிட்டுக்கங்க உம்மா"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடாதீங்க. யாராவது ஒருத்தர் சோறு போட்டுக் கொடுத்துப் பக்கத்துல உக்காருங்க.

நம்ம மத்ஹப்ல ஒரு நோன்புக்கு ஒரு 'முத்து' (அரபு முகத்தல் அளவு) தானியம், நமக்கு அரிசி. முக்கால் கிலோன்னு வச்சுக்கிட்டாப் போதும், ஏழைக்குத்தான் கொடுக்கணும். ரமலானுக்கு முன்னாடியே கொடுத்துட முடியாது. முப்பது நாள் ஃபித்யாவையும் ஒரே ஏழைக்குக் கொடுக்கலாம். நான் பக்கத்துல ஒரு விதவை வீட்டுக்கு அன்னன்னிக்கே அளந்து அனுப்பிடுவேன்.

வாணியம்பாடிக்காரன்:
ஹனஃபி மத்ஹப்காரங்க இதைப் பாத்துக் குழம்ப வேண்டாம். எங்களுக்கு ஒரு நோன்புக்கு அரை 'ஸாஉ' (இதுவும் அரபு அளவுதான்) கோதுமை, இல்லேன்னா அதோட கிரயத்தைப் பணமாவே கொடுக்கலாம். உங்க ஜமாஅத் அறிவிக்கிற தொகையைக் கேட்டுக்கங்க.

காயல்மகள்:
ஜஸாகல்லாஹு கைரன் ராத்தா. வாசிச்சேன். மாதவிலக்குப் பேச்சு வந்ததும் சிரிச்சுட்டாங்க, "இவ பெரிய வாயாடியா இருப்பா போல"ன்னு. குராவுல் கமீமை மறுபடி வாசிக்கச் சொன்னாங்க. முழுசா சமாதானம் ஆகலை, ஆனா ஃபித்யா அரிசியை நான்தான் அளப்பேன், வீட்டுக்கு வாங்குற அதே அரிசியா இருக்கணும்னுட்டாங்க. இன்னொரு கேள்வி: முழங்கால் வலியும் இருக்கு. பெண்கள் தொழுற தைக்காவுல தராவீஹை (ரமலான் இரவுத் தொழுகை) நாற்காலியில உக்காந்து தொழலாமான்னு கேக்குறாங்க.

கீழக்கரை ராத்தா:
தாராளமா. முடியாதவங்க கடமையான ஃபர்ளையே உக்காந்து தொழலாம், தராவீஹ் சுன்னத்துதானே. நாற்காலியை ஸஃப்போட (தொழுகை வரிசை) ஓரத்துல போடச் சொல்லுங்க, பின்னால நிக்கிறவங்க சுஜூதுக்கு இடிக்காது. அந்த வாயாடி ஸலாம் சொன்னான்னும் சொல்லுங்க.