‘பாதுகாப்பான வெளி’க்குப் பதிலாக ‘நம்பகச் சூழல்’

அனைவருக்கும் வணக்கம்.

பயிற்சிகளில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில், பயிலரங்கைத் தொடங்கும்போது உருவாக்க வேண்டிய ‘சேஃப் ஸ்பேஸ்’ (வந்தவர்கள் தயங்காமல் பேசக்கூடிய சூழல்) என்பதற்குப் ‘பாதுகாப்பான வெளி’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் சொல்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பெங்களூரில் வீட்டுவேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கு, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் குறித்துப் பயிற்சி நடத்துகிறேன். அவர்களுக்கு ‘வெளி’ என்றால் வாசலுக்கு அப்பால். ‘இங்கே பேசுவது வெளியே போகாது’ என்று சொல்லிக்கொண்டே அந்த அறையை ‘வெளி’ என்று எப்படி அழைப்பது? கட்டுரை வாசிப்பவர்களுக்கு ‘ஸ்பேஸ்’ என்ற பொருளில் இது பழகிய சொல்தான். ஆனால் நமக்கு வேண்டியது, முதல் பத்து நிமிடத்தில் அவர்கள் முகம் பார்த்துச் சொல்லக்கூடிய சொல்.

‘பாதுகாப்பு’ இதைவிடப் பெரிய சிக்கல். நம்மால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. பதினெட்டு வயது நிரம்பாத பெண் ஒருத்தி தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவுப்படி நாம் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. இந்த எல்லையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். எல்லாம் பேசி முடித்த பிறகு சொன்னால், நம்பிப் பேசியவளை ஏமாற்றியதாகிவிடும். நாம் தர முடிந்தவை வேறு: யாரும் சிரிக்க மாட்டார்கள், பேசச் சொல்லி யாரும் வற்புறுத்த மாட்டார்கள், கேட்டதை இன்னொரு வீட்டு வாசலில் போய்ச் சொல்ல மாட்டோம், முடியவில்லை என்றால் நடுவில் எழுந்து போகலாம்.

மாற்றாகச் சொல்லப்படும் சொற்களில், பாதுகாப்பு என்று பொருள்படும் ‘ஏமம்’ எனக்கும் பிடித்த சொல். கூடியிருக்கும் இனத்தையே ‘ஏமப் புணை’ (காக்கும் தெப்பம்) என்கிறது 306ஆம் குறள். ஆனால் ‘ஏமவிடம்’ என்று சேர்த்தால் காதில் நஞ்சைக் குறிக்கும் ‘விடம்’ விழுகிறது. தனியாக நின்றாலோ ஏமாற்றத்தை நினைவூட்டுகிறது. ‘அஞ்சாவெளி’ அழகுதான். ஆனால் அது துணிச்சலை வந்தவர் தலையில் வைக்கிறது. பொறுப்பு பயிற்றுநரிடமும் குழுவிடமும் இருக்க வேண்டும்.

அதனால்தான் ‘நம்பகச் சூழல்’ என்கிறேன். ‘நம்பகம்’ அந்தச் சூழலின் தன்மை, அதைக் காப்பது நம் கடமை. முதல்முறை சொல்லும்போது ‘மனசு விட்டுப் பேசக்கூடிய இடம்’ என்று ஒரு வரி சேர்த்தால் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

சரி, இதை ‘உளப் பாதுகாப்பு’ (சைக்கலாஜிக்கல் சேஃப்டி) என்பதோடு குழப்ப வேண்டாம். மேலாண்மைத் துறை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் அதைப் பற்றிய 1999ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆராய்ந்தது, சேர்ந்து வேலை செய்யும் குழுவினர் தங்களுக்குள் கொண்டிருக்கும் நம்பிக்கையை. அதற்குத் தனிச்சொல் இருக்கட்டும்.

அப்புறம், பயிலரங்கில் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டியவற்றைக் குறிக்கும் ‘கிரவுண்ட் ரூல்ஸ்’ என்பதற்கு ‘விதிமுறைகள்’ என்ற முன்மொழிவையும் மாற்ற வேண்டும். முதலாளி வீட்டு விதிகளுக்குள் நாள் முழுக்க இருந்துவிட்டு வருபவர்கள் இவர்கள். அவர்களே சொல்லிச் சொல்லிப் பலகையில் ஏற்றுவதை ‘கூட்டு உடன்பாடு’ எனலாமா?