எழுதிய பைட் ஒன்று, ஃபைலில் இருந்த பைட் வேறு

இரவுப்பணி:
பெர்ல் ஸ்கிரிப்ட். ஸ்கேனரிலிருந்து சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு) வழியாக வரும் பிஎன்ஜி படங்களை ஃபைலாக எழுதும் வேலை. லினக்ஸில் மாதக்கணக்கில் ஓடியது. விண்டோஸுக்கு மாற்றிய அன்று ஒரு படம்கூடத் திறக்கவில்லை. ஸ்கேனரைச் சந்தேகப்பட்டே ரெண்டு நாள் போயிற்று. அப்புறம்தான் ஃபைலின் முதல் பைட்டுகளைப் பார்த்தேன். 137 80 78 71 13 10 26 10 இருக்க வேண்டிய இடத்தில் 137 80 78 71 13 13 10 26 13 10. அந்த ரெண்டு 13-உம் ஒட்டி நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. விண்டோஸில் டெக்ஸ்ட் மோடில் எழுதினால், வரி முடிவைக் குறிக்கும் 10-க்கு முன்னால் 13 சேர்ந்துவிடும். பைட்டுகளை மாற்றாமல் அப்படியே எழுதச் சொல்லும் பின்மோட் ஒரு வரி போட்டதும் சரியாகிவிட்டது. இந்த மாதிரி கோளாறைக் காட்டிக்கொடுக்கத்தான் பிஎன்ஜி தொடக்கத்தில் 13 10-ஐ வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெறும்பைட்:
மோடு சரியாக இருந்தும் எனக்கு அடி விழுந்தது. பைத்தானில் பிஎம்பி படத்தின் ஹெட்டர், அதாவது தொடக்கத் தகவல். அதன் பகுதிகள் 2, 4, 2, 2, 4, மொத்தம் 14 பைட். எழுதிப் பார்த்தால் 16. தொடக்கத்து ரெண்டு எழுத்துக்கும் ஃபைல் அளவுக்கும் நடுவே நான் வைக்காத ரெண்டு பூஜ்ஜியம்! மதிப்புகளை பைட்டாக அடுக்கும் ஸ்ட்ரக்ட் பேக்கில், வடிவத்தைச் சொல்லும் சரத்தின் முதலில் குறி போடாவிட்டால் சி கம்பைலர் மாதிரி அலைன்மென்ட் (எண் எந்த இடத்தில் தொடங்கலாம் என்ற ஒழுங்கு) பார்த்து இடைவெளி விடுமாம். முன்னால் < போட்டேன், 14 வந்தது.

பழையகீபோர்டு:
ரெண்டு பேரும் மோடு, அலைன்மென்ட் என்கிறீர்கள். எனக்கு வேர் வேறு இடத்தில் தெரிகிறது: பைட்டையும் எழுத்தையும் ஒன்றாக நினைக்கிறோம். பைத்தான் 3-ல் 200 என்ற ஒரு பைட்டை எழுத்தாக மாற்றி டெக்ஸ்ட் ஃபைலில் எழுதினேன். எழுத்தை பைட்டாக மாற்றும் முறையான யுடிஎஃப்-8 அதை 195, 136 என்று ரெண்டாக்கிவிட்டது.

இரவுப்பணி, கெட்டுப்போன படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். டெக்ஸ்ட் மோடு ஒரு 10-ஐயும் விடாமல் முன்னால் 13 சேர்த்திருக்கிறது. அதனால் 13 10 என்று வரும் ஒவ்வொரு ஜோடியையும் வெறும் 10 ஆக்கினால் அசல் அப்படியே திரும்பும். அப்படி மாற்றும் ஸ்கிரிப்டில் படிக்கும் பக்கம், எழுதும் பக்கம் ரெண்டிலும் பின்மோட் வேண்டும். முதலில் ஒரு காப்பியில் செய்து, முதல் 8 பைட்டைச் சரிபாருங்கள். ஆனால் ஏதாவது ஒரு புரோகிராம் 13-களை நீக்கிவிட்ட ஃபைல் என்றால் இந்த வழி உதவாது. எந்த 10-க்கு முன்னால் 13 இருந்தது என்று அப்புறம் கண்டுபிடிக்க முடியாது.

இரவுப்பணி:
அந்த ரெண்டு நாள் படங்களையும் அன்றைக்கே அழித்துவிட்டேன். மூலத்தாள்களும் திரும்பிப் போய்விட்டன.