புதுப்பிப்பு: 8 வயது மகளின் தூக்கமின்மை, காலை அழுகை – எது பலன் தந்தது

மகள் இரவு வெகுநேரம் தூங்காமல் புரள்கிறாள், காலையில் எதற்கெடுத்தாலும் அழுகிறாள் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் அவள் டேப்லெட்டில் விளையாடும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தோம். பெரிய மாற்றம் இல்லை. பலன் தந்தது, "எவ்வளவு நேரம் என்பதோடு எப்போது என்றும் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைத்து, படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போட்டுவிடுகிறோம். திரை வெளிச்சம், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதைத் தள்ளிப்போடும். விளையாட்டின் பரபரப்பும் சேர்ந்துகொள்ளும். இப்போது ஒன்பது மணிக்கெல்லாம் கண் சொக்கிவிடுகிறது. 6 முதல் 12 வயதுக்கு 9–12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பார்கள், அது கிடைக்கிறது.

எதிர்பாராத ஒன்று: பள்ளி விட்டதும் வெளியே ஓடியாட விட்டோம். (5–17 வயதுக்கு தினமும் சராசரியாக 60 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.) நன்றாக விளையாடிய நாளில் அவள் டேப்லெட்டைக் கேட்பதே இல்லை! முன்பு ஷூ லேஸ் சிக்கினால் வீசியெறிவாள். இப்போது உட்கார்ந்து பொறுமையாகப் பிரிக்கிறாள். எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

விடுமுறையிலும் அதே நேரத்துக்கு எழுப்பும் யோசனை இன்னும் முழுதாகக் கைகூடவில்லை. முயன்றுகொண்டிருக்கிறோம்.