வரலாம், உட்காரலாம், பாட மட்டும் கூடாதாம் (உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்)

டெனர்க்காரன்:
பதினோரு வருஷம் சபைப் பாடகர் குழுவில் டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடினேன். நான் கே (ஆண்களை நேசிக்கும் ஆண்) என்று சபையில் அறிவிப்பு எதுவும் செய்யவில்லை. நேராகக் கேட்ட ஒருவரிடம் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு பாஸ்டர் கை குலுக்கி, "நீங்க எப்பவும்போல வரணும் பிரதர்" என்றார். நிம்மதியாக வெளியே வந்தேன். வாசல் பலகையில் அந்த மாதப் பாடகர் பட்டியல் தொங்கியது. என் பெயர் இருந்த இடத்தில் ஒயிட்னர். அதன்மேல் வேறு பெயரும் எழுதவில்லை. தாளின் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தேன், இடவலம் மாறி என் பெயர் மங்கலாகத் தெரிந்தது.

அப்புறம் எட்டு மாதம் கடைசி பெஞ்ச். பாட்டு ஆரம்பித்தால் பழக்கதோஷத்தில் டெனர் வந்துவிடும், முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், வாயை மூடிக்கொள்வேன். ஒதுக்கிவிட்டார்கள் என்று யாரிடமாவது சொன்னால், "உங்களை யார் வரவேண்டாம்னு சொன்னது?" என்பார்கள். நிஜமாகவே யாரும் சொல்லவில்லையே!

திட்டு வாங்கிய கதை எல்லோரிடமும் இருக்கும். எனக்கு அந்த ஒயிட்னர் மாதிரி விஷயங்கள்தான் வேண்டும்.

மெழுகுவர்த்தி:
நாங்கள் இருவரும் கத்தோலிக்கப் பெண்கள். 2023 டிசம்பர் 18-ல் வத்திக்கானிலிருந்து 'ஃபிதூசியா சுப்ளிகான்ஸ்' என்ற அறிக்கை வந்ததும் அவள்தான் முதலில் போன் செய்தாள். ஒரே பாலின ஜோடிக்கும் குருவானவர் ஆசீர் கொடுக்கலாம். ஆனால் கல்யாணம்போலத் தெரியக் கூடாது, வழிபாட்டுச் சடங்காக இருக்கக் கூடாது, அதற்கென்று தனி உடுப்பு கூடாது. இரண்டே வாரத்தில் ஒரு விளக்கம் வேறு வந்தது: அந்த ஆசீருக்குப் பத்துப் பதினைந்து விநாடி போதுமாம்!

பூசை முடிந்து குருவானவர் உடுப்பு மாற்றும் அறை வாசலில் நின்றோம். ஒரு கை அங்கிக்குள், ஒரு கை வெளியே, அப்படியே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். பிறகு வெளியே இருந்த கையை முதலில் அவள் தலையில், அடுத்து என் தலையில் வைத்தார். வெளியே வந்ததும் அவள் கேட்டாள், "எண்ணினியா?" எண்ணினேன். ஒன்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. அளந்து கொடுக்கிறார்களே என்ற கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த ஒன்பதை யாராவது திருப்பிக் கேட்டால் கொடுக்க மாட்டேன்.

பெயர் வேண்டாம்:
என் ஓரினச்சேர்க்கையை 'மாற்ற' மூன்று உபவாச ஜெபம், ஒரு முகாம். கடைசி நாள் மைக்கைக் கையில் கொடுத்து, விடுதலை கிடைத்ததாகச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பொய். 1976-ல் தொடங்கி இதையே பெரிய அளவில் செய்துவந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல், 2013-ல் தலைவரே மன்னிப்புக் கேட்டு இழுத்து மூடிய அமைப்பு. என் முகாம் அதற்கும் பிறகு நடந்தது. இதற்குமேல் எழுத மனசு வரவில்லை.

கிரேக்கம் படித்தவன்:
என் முகத்துக்கு நேரே நீட்டப்படுவது எப்போதும் 1 கொரிந்தியர் 6:9, தேவராஜ்யத்தில் இடமில்லாதவர்களின் பட்டியல். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அங்கே 'ஆண்புணர்ச்சிக்காரர்' என்பதற்கு முன்னால் 'சுயபுணர்ச்சிக்காரர்' என்று இருக்கும். கிரேக்க மூலத்தில் அது 'மலக்கோய்'. மென்மையானவர்கள் என்று பொருள். மத்தேயு 11:8-ல் வரும் 'மெல்லிய வஸ்திரம்' இருக்கிறதே, அங்கேயும் இதே சொல்தான். ஆங்கிலத்தில் 'ஹோமோசெக்ஸுவல்' என்ற சொல் வேதாகமத்துக்குள் நுழைந்ததே 1946-ல் வந்த ஒரு மொழிபெயர்ப்பில்தான். 'ஆண்புணர்ச்சிக்காரர்' என்பதற்கு மூலத்தில் உள்ள சொல்லைப் பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. அதனால் நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

இவ்வளவையும் வேத பாட வகுப்பில் மூப்பர் ஒருவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நல்லாப் படிச்சிருக்கீங்க தம்பி. ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களுக்கு மட்டும் இனி வேற யாராவது எடுக்கட்டும்" என்றார். கிரேக்கம் படித்தால் சபையில் இடம் கிடைக்கும் என்று நம்பியது என் முட்டாள்தனம்.

ஒரு அம்மா:
தம்பிங்களா, நான் என் மகனுக்காக எழுதறேன். எங்க பெண்கள் கூட்டத்துல ஜெப விண்ணப்பத்தைச் சீட்டுல எழுதிப் போடுவோம். நாலு வருஷமா "மகன் மாறணும்"னுதான் எழுதினேன். அவன் அதைக் கேட்டதும் இல்ல, கோபப்பட்டதும் இல்ல. ஒரு வாரம் "என் மகனுக்கும் அவன் துணைக்கும் வேலை கிடைக்க"ன்னு எழுதிப் போட்டேன். வாசிச்ச அக்கா "மகனுக்கு வேலை கிடைக்க"ன்னு மட்டும் வாசிச்சாங்க. அடுத்த வாரம் சீட்டைப் பெட்டியில போடாம நானே எழுந்து வாசிச்சேன். கை நடுங்கிச்சு. ஒரே ஒருத்தி ஆமென் சொன்னா. அவகூட எனக்கு அதுவரை பேச்சுவார்த்தையே கிடையாது.

தனி ஆள்:
நானும் கே. சபையின் பழைய போதனையை நம்பித் தனியாக வாழ்கிறேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இங்கே என்னை ஏமாளி என்பீர்கள். சபையில் "குணமாயிடுச்சா?" என்கிறார்கள். தனியாக இரு என்று போதிப்பவர்கள், ஆராதனை முடிந்ததும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுகிறார்கள்.

டெனர்க்காரன்:
@தனி ஆள், ஏமாளி என்று நான் சொல்ல மாட்டேன் அண்ணா. அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

என் மீதிக் கதை: இப்போது போவது ஐக்கிய மெதடிஸ்ட் சபை. ஓரினச்சேர்க்கை கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாது என்று 1972-ல் எழுதி வைத்த வரியை 2024-ல்தான் எடுத்தார்கள். வரி போனதற்காக எல்லோரும் மாறிவிடவில்லை, சமாதான வாழ்த்து நேரத்தில் என் பெஞ்சைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. போன மாதம் பாடகர் குழுத் தலைவி பட்டியலை நீட்டி, "பேரை நீங்களே எழுதிடுங்க" என்று பென்சிலைக் கொடுத்தார்.

பேனா இருக்கிறதா என்று கேட்டேன்.