புதுப்பிப்பு: ஃபர்னிஷ்டு கம்பெனி ஃபிளாட்டுக்குக் குடிவந்தாச்சு

வேலைக்காகச் சில மாதம் தங்க, சாமான்களோடு வாடகைக்குக் கிடைக்கும் ஃபிளாட்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது குடிவந்துவிட்டேன்.

மிகவும் கைகொடுத்தது சாமான் பட்டியல் பற்றிய யோசனைதான். "சோபா 1" என்று மட்டும் இருந்தால் போதாது. கைப்பிடியில் கிழிசல், மேசையில் கீறல் என்று நிலையையும் எழுதவைத்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். பெட்டிகளை உள்ளே கொண்டுவரும் முன்பே அறை அறையாக வீடியோ எடுத்து, அன்றே நிர்வாகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். பின்னால் முன்பணத்தில் பிடித்தம் என்ற பேச்சு வந்தால் தேதியோடு ஆதாரம் இருக்கும். மின்மீட்டர் அளவையும் மறக்காமல் படமெடுங்கள்.

ஒப்பந்தத்தில் "எல்லாம் சேர்த்து வாடகை" என்றுதான் இருந்தது. உள்ளே படித்தால் மின்சாரத்துக்கு உச்சவரம்பு. தாண்டினால் தனிக் கட்டணம். இதைக் கட்டாயம் கேளுங்கள். ஒப்பந்தம் கம்பெனி பெயரிலா, உங்கள் பெயரிலா என்பது அதைவிட முக்கியம். வேலை பாதியில் முடிந்தால் மீதி வாடகை யார் தலையில் விழும் என்பது அதில்தான் இருக்கிறது.

அப்புறம் மெத்தை. விரிப்பை எடுத்துவிட்டுத் தையல் ஓரங்களைப் பாருங்கள். சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் மூட்டைப்பூச்சியின் அடையாளம்.

இணைய வேகம் பற்றிக் கேட்டவருக்கு: பகலில் நன்றாக இருக்கிறது, இரவில் குறைகிறது. முடிந்தால் இரவில் ஒருமுறை சோதித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.